படுக்கையில் வராத நித்திரை

இராச் சாப்பாடு முடிந்து கூடத்துச் சாய்வு நாற்காலியில் பத்திரிகையும் கையுமாக அமர்ந்தவர், இரண்டாவது பக்கத்தைத் திருப்புவதற்குள் தலை தொங்க, மூக்குக்கண்ணாடி நழுவ, தம்மை அறியாமலே கண்ணயர்ந்து விடுகிறார். வீட்டார் பரிவோடு தோளைத் தொட்டு, "உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளுங்களேன்" என்று எழுப்பிவிட, அவரும் எழுந்து சென்று விளக்கை அணைத்துத் தலையணையில் தலை வைக்கிறார். வைத்த கணமே, அதுவரை இமையை அழுத்திக்கொண்டிருந்த உறக்கம் போன இடம் தெரியாமற் போக, கண் இரண்டும் பளிச்சென்று திறந்துகொள்கின்றன. வெளிச்சத்திலும் பேச்சரவத்திலும், கழுத்து மடங்கிய நிலையிலும், அழையாமல் வந்த நித்திரை, இருளும் அமைதியும் மெத்தையும் உள்ள இடத்தில் அழைத்தும் வராமற் போவானேன்?

நித்திரையின்மையால் ஆண்டுக்கணக்கில் வாடுகிறவர்கள் மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் சொல்லும் குறை இதுவாகும். உறக்கத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டுக் காலமாக விஞ்ஞானிகள் கண்டறிந்த உண்மைகளுள் முக்கியமானவை பலவும், அவற்றிலிருந்து பிறந்த சிகிச்சையும், இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிச் செல்லும் வழியிலேயே எதிர்ப்படுகின்றன.

உறக்கத்தை ஒருவகைப் பசி என்று கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். காலையில் கண்விழித்த கணத்திலிருந்து அந்தப் பசி சிறுகச் சிறுக வளர்கிறது; விழித்திருக்கும் நேரம் நீள நீள முற்றுகிறது; உறங்கினால் தணிகிறது. சாயங்காலத்தில் பலகாரம் தின்றவனுக்கு இராச் சாப்பாட்டில் நாட்டம் குறைந்துபோவது போல, சாயங்காலத்தில் ஒருமணி நேரம் படுத்தெழுந்தவனுக்கு இரவின் நித்திரைப்பசி மந்தமாகி விடுகிறது. இது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. உறங்காதிருப்பவனது சரீரத்தில் உண்மையாகவே ஏதோ ஒரு பொருள் சேர்ந்துவர வேண்டும் என்று கருதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் குனியோமி இஷிமோரி என்பவரும், பாரிஸில் ஆன்ரி பியெரோன் என்பவரும், ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமலே, நாய்களைப் பல நாள் உறங்கவிடாமல் வைத்து, அவற்றின் மூளைச் சாரத்தை அல்லது மூளையைச் சூழ்ந்த நீரை எடுத்து, நன்றாக உறங்கியெழுந்த வேறு நாய்களின் உடலில் செலுத்திப் பார்த்தார்கள். அந்த நாய்களும் உறக்கத்தில் ஆழ்ந்தன.

அத்தகைய பொருள்களுள் ஒன்று அடினோசின் என்பது பின்னால் தெரியவந்தது. மூளையின் உயிரணுக்கள் தம் வேலைக்காகச் சக்தியைச் செலவழிக்கும்போது மிஞ்சுவது அது. 1997ஆம் ஆண்டில், விழித்திருக்க வைக்கப்பட்ட பூனைகளின் மூளையில் நேரடியாக அளந்து பார்த்தபோது, நேரம் செல்லச் செல்ல அடினோசின் மிகுவதும், உறங்கவிட்டவுடன் மெல்லக் குறைவதும் புலனாயின. நாம் காலையும் மாலையும் விரும்பி அருந்தும் காப்பியின் மகிமை இங்கேதான் இருக்கிறது. காப்பியிலுள்ள காஃபீன், அடினோசின் சென்று பொருந்தவேண்டிய இடங்களில் தான் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. அது பசியைத் தீர்ப்பதில்லை, பசி தெரியாதபடி மறைத்து வைக்கிறது. உட்கொண்ட காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. சிலருக்கு அதனினும் மிகுதியாகும். ஆகவே, ஐந்து மணிக்கு அருந்திய ஒரு டம்ளர் காப்பி, பத்து மணிக்குப் படுக்கும்போது அரை டம்ளராக உள்ளேயே இருக்கிறது என்று கொள்ளலாம். இரவு காப்பி குடித்தாலும் எனக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்கள் விரைவில் கண்ணயர்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர்களது உறக்கத்தின் ஆழம் குறைவதை அவர்கள் அறிவதற்கில்லை.

பசி ஒன்றே காரணமாயின், இரவு முழுதும் கண்விழித்தவனுக்கு நேரம் ஆக ஆக உறக்கச் சோர்வு ஏறிக்கொண்டே போகவேண்டும். அனுபவமோ வேறாக இருக்கிறது. கோயில் திருவிழாவிலே விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்கள் பின்னிரவு நான்கு மணியளவில் உட்கார்ந்த இடத்திலேயே சொக்கி விழுந்து, பொழுது புலர்ந்தபின், ஒரு கணமும் உறங்காமலே, ஓரளவு தெளிவு பெற்று வீடு திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். பசியோடு வேறொன்றும் சேர்ந்து நம்மை ஆள்கிறது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

அந்த வேறொன்றின் முதல் தடயத்தைத் தந்தது ஒரு செடி. சூரியன் மறைந்ததும் இலை மூடும் மரஞ்செடிகளை நாம் நன்கு அறிவோம். தூங்குமூஞ்சி மரம் அத்தகையது, புளியமரமும் அத்தகையது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் எழுந்தருளியிருந்ததாகப் போற்றப்படும் புளியமரம் இரவிலும் இலை மூடுவதில்லை என்று பக்தர்கள் வியந்து அதற்கு உறங்காப்புளி எனப் பெயரிட்டிருப்பதிலிருந்தே, மற்றப் புளியமரங்கள் உறங்குவதை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தனர் என்பது விளங்கும். பிரெஞ்சு வானநூலார் டெ மெய்ரான் 1729ஆம் ஆண்டில், இவ்வாறு இலை மூடும் தொட்டாற்சுருங்கி இனச் செடி ஒன்றைச் சூரிய வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே காரணமென்றால் இருளில் அது எப்போதும் மூடியே கிடக்கவேண்டும். ஆனால் செடியோ, வெளியே பகலாகும் நேரத்தில் இலையை விரித்தும், இரவாகும் நேரத்தில் மூடியும், கதிரவனைக் காணாமலே கணக்குத் தவறாது நடந்துகொண்டது. பகலிரவை அறிவிக்கும் கடிகாரம் ஒன்று செடிக்குள்ளேயே இருந்தாலன்றி இது கூடாது.

மனிதனிடத்திலும் அத்தகைய கடிகாரம் உண்டா என்று அறிய, சிக்காகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் நத்தானியல் கிளைட்மன், 1938ஆம் ஆண்டில், தம் இளம் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனோடு கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைக்குள் இறங்கி, 32 நாள் அங்கேயே வசித்தார். பகலும் இரவும் இல்லாத, எப்போதும் ஒரே குளிர்நிலையுள்ள அக்குகையில், எலிகள் ஏறாதபடி கட்டிற்கால்களைத் தகரக் குவளைகளில் நிறுத்தி, இருபத்து நான்கு மணிக்குப் பதிலாக இருபத்தெட்டு மணி கொண்ட செயற்கை நாளொன்றை வகுத்துக்கொண்டு, இருவரும் அதன்படி உறங்கவும் வேலை செய்யவும் முயன்றனர். இளைஞர் ஒருவாரத்திற்குள் புதிய நாளுக்குப் பழகிவிட்டார். நாற்பது வயதைக் கடந்திருந்த ஆசிரியரது உடலுஷ்ணமோ, குகைக்கு வெளியே உலகம் சுற்றும் கணக்கிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாளின் நீளத்தை வெளியுலகம் விதிப்பது ஒருபுறமிருக்க, சரீரமும் தனக்கென ஒரு நாளை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அதனால் வெளிப்பட்டது. பிற்காலத்தில் ஹார்வர்டில் மிக நுட்பமாக அளந்தபோது, மனிதனது உடற்கடிகாரத்தின் நாள் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று கண்டார்கள். நாள்தோறும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அந்தப் பதினோரு நிமிடப் பிசகைத் திருத்திவிடுகிறது.

கடிகாரம் இருக்கும் இடத்தையும் பின்னர் கண்டுபிடித்தார்கள். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறக்குறைய இருபதாயிரம் நரம்பணுக்களே கொண்ட இரு சிறு முடிச்சுகள் உண்டு. 1972இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே எலிகளில் அந்த முடிச்சுகளை அழித்தபோது, அவற்றின் பகலிரவு ஒழுங்கு அறவே குலைந்தது. அழித்தால் கெடுகிறது என்பதனாலேயே அதுதான் கடிகாரம் என்று முடிவுகட்ட முடியாதல்லவா? அந்த ஐயத்தையும் 1990இல் மார்ட்டின் ரால்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் தீர்த்தார்கள். பிறவியிலேயே இருபது மணி நேர நாளையுடைய ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணியின் முடிச்சை எடுத்து, முடிச்சு அழிக்கப்பட்ட மற்றொன்றின் மூளையில் நட்டபோது, ஒழுங்கின்றி அலைந்துகொண்டிருந்த அந்தப் பிராணி இருபது மணிக்கு ஒருமுறை நாளைத் தொடங்கலாயிற்று. கடிகாரத்தைக் கொடுத்தவனுடைய நேரமே பெற்றவனுக்கும் வந்து சேர்ந்தது. உயிர்நூலில் இதைவிடத் தெளிவான நிரூபணங்கள் மிகச் சிலவே என்பது என் எண்ணம்.

பசியும் கடிகாரமும் ஒன்றோடொன்று இணைந்து செயற்படும் முறையைச் சூரிச் நகரத்து அலெக்ஸாண்டர் போர்பெலி 1982இல் ஒரு கொள்கையாக வகுத்தார். பகல் வளர வளரப் பசி முற்றுகிறது. அதனை எதிர்த்து நம்மை விழிப்போடு வைத்திருக்கக் கடிகாரம் தன் விழிப்பூட்டலையும் கூட்டிக்கொண்டே வந்து, மாலை முற்றும் நேரத்தில் உச்சத்தில் நிறுத்துகிறது. பின்பு அது தளரும்போதுதான் பசி வெல்கிறது. இதன் விளைவு விசித்திரமானது: வழக்கமாக உறங்கும் நேரத்திற்கு முந்திய இரண்டு மூன்று மணிநேரமே, நாள் முழுவதிலும் உறக்கம் வருவதற்கு மிக அரிய பொழுது. ஹைஃபா நகரில் பெரெட்ஸ் லாவி என்பவர், தொண்டர்கள் சிலரை ஏழு நிமிடம் படுக்கவும் பதின்மூன்று நிமிடம் எழுந்திருக்கவும் பணித்து, இதனையே ஒரு நாளுக்குமேல் இடைவிடாது நடத்தி, எந்த ஏழு நிமிடங்களில் எவ்வளவு உறங்கினார்கள் என்று அளந்தார். முந்தின இரவு முழுதும் உறங்காதவர்களுங்கூட, மாலைக்குப் பிற்பட்ட அந்தத் தடைக்காலத்தில் எளிதில் உறங்க முடியவில்லை. அது கடந்ததும், கதவு திறந்தாற்போல உறக்கம் வந்தது. நேற்று சரியாக உறங்கவில்லையே, இன்று எட்டரைக்கே படுத்துவிடுவோம் என்று எண்ணுகிறவர், சரீரம் உறக்கத்தை மறுக்கும் நேரத்தையே தேடிப்போய்ப் படுக்கிறார்.

உறக்கத்தின் உள்ளே நடப்பதை நமக்குக் காட்டியது மின்சாரம். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மண்டையோட்டின்மேல் பதித்த தகடுகளின் வழியே மனித மூளையின் நுண்ணிய மின்னலைகளை எழுதிக்காட்டி 1929இல் வெளியிட்டார். கிளைட்மனிடம் மாணவராயிருந்த யூஜின் அஸெரின்ஸ்கி, பழைய வரைகருவி ஒன்றைச் செப்பனிட்டு, எட்டு வயதான தம் மகனையே படுக்கவைத்துப் பதிவு செய்தபோது, ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே சிறுவனது மூடிய கண்கள் துள்ளித் துள்ளி அசைவதையும், மூளையலைகள் விழித்திருப்பவனுடையவை போல மாறுவதையும் கண்டு, முதலில் கருவிதான் கெட்டுவிட்டது என்று ஐயுற்றார். 1953இல் வெளிவந்த அந்தக் கண்டுபிடிப்பால், உறக்கம் ஒரே சீரான மயக்கம் அன்று என்பதும், ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்திற்கு ஒருமுறை ஆழ்ந்த உறக்கமும், கனவு மிகுந்த விழியசைவு உறக்கமும் மாறி மாறி வருகின்றன என்பதும் நிலைபெற்றன. விழியசைவு உறக்கத்தில், காணும் கனவை உடல் நடித்துக் காட்டிவிடாதபடி தசைகள் பெரும்பாலும் தளர்த்தி வைக்கப்படுகின்றன. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் பிரக்ஞை மட்டும் விழித்துக்கொள்ளும் சந்தர்ப்பத்தில்தான், மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்து அமுக்குவது போலவும், கத்த முயன்றும் குரல் எழாதது போலவும் தோன்றி, நம் கிராமத்தார் அமுக்குவான் பேய் என்று அஞ்சும் அந்த அவஸ்தை உண்டாகிறது. அது ஓரிரு நிமிடத்தில் தானே நீங்கும். எப்போதேனும் வருமாயின் நோயன்று.

நித்திரையின்மையால் வருந்துவோர்க்கு இந்தப் பதிவுகள் தரும் ஆறுதல் வேறொன்றும் உண்டு. நல்ல ஆரோக்கியமுள்ளவனும் ஓர் இரவில் பலமுறை, பெரும்பாலும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில், கணநேரம் விழித்துப் புரண்டு படுத்து, அதை நினைவில் கொள்ளாமலே மீண்டும் உறங்குகிறான். இரண்டு மணிக்கு விழிப்பு வருவது கேடன்று; அப்போது கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நான்கு மணிநேரந்தானே இருக்கிறது என்று கணக்கிடத் தொடங்குவதே கேடு.

இப்போது மூன்றாவது சக்திக்கு வருகிறோம். பசி முற்றியிருந்தாலும், கடிகாரம் இடங்கொடுத்தாலும், அபாயம் நெருங்கியிருக்கும்போது உறங்கிவிடாதபடி நம்மைக் காப்பதற்கென்றே மூளையில் ஒரு விழிப்பு அமைப்பு இருக்கிறது. முதல் உலக யுத்தக் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய ஒருவகை மூளைக் காய்ச்சலை 1917இல் வர்ணித்த வியன்னா மருத்துவர் ஃபான் எகோனோமோ, ஓயாமல் உறங்கியே இறந்தவர்களின் மூளையில் ஓர் இடமும், உறங்க இயலாமலே இறந்தவர்களின் மூளையில் அதற்குச் சற்று முன்புறத்தே வேறோர் இடமும் பழுதுபட்டிருக்கக் கண்டு, விழிப்பூட்டும் பகுதி ஒன்றும் உறக்கமூட்டும் பகுதி ஒன்றும் அடுத்தடுத்து உள்ளன என்று அனுமானித்தார். பிற்கால ஆராய்ச்சிகள் அந்த அனுமானத்தை உறுதிப்படுத்தின. பயம், கவலை, கோபம், பெருமகிழ்ச்சி ஆகிய எதுவும் இந்த விழிப்பு அமைப்பைத் தட்டி எழுப்பக் கூடியதே. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தாய் உறங்காமலிருப்பது இதன் பயன்.

அது எப்போது வியாதியாகிறது? வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்திற்குக் குறையாமல், உறங்குவதற்கு வேண்டிய நேரமும் வசதியும் இருந்தும் உறக்கம் கூடாமல், அதனால் பகல்வேலையும் மனநிலையும் கெடுமாயின், அதனை நீடித்த நித்திரையின்மை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். நியூயார்க்கைச் சேர்ந்த உளநூலார் ஆர்தர் ஸ்பீல்மன் இதற்கு மூன்றுவகைக் காரணங்களைப் பிரித்துக் காட்டினார். எளிதில் கலங்கும் சுபாவம் முதலிய முன்காரணம் ஒன்று. மரணம், வழக்கு, வேலையிழப்பு, நோய் போன்ற தூண்டுகாரணம் ஒன்று. இவ்விரண்டையும் எல்லோரும் அறிவர். அவர் சிறப்பாகக் கண்டது மூன்றாவது: நீட்டிக்கும் காரணம். துக்கம் ஆறிவிடுகிறது, வழக்கு முடிந்துவிடுகிறது, உறக்கமின்மை மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது; ஏனெனில், உறக்கம் கெட்ட நாட்களில் அதனை ஈடுசெய்வதற்காக அந்த மனிதர் மேற்கொண்ட உபாயங்களே அதனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. முன்னேரத்தில் படுக்கிறார், விழித்தபின்னும் எழாமல் கிடக்கிறார், பிற்பகலில் படுத்துப் பார்க்கிறார். நித்திரைப்பசி துண்டு துண்டாகச் சிதறுகிறது. இரவுதோறும் மூன்று நான்கு மணிநேரம் கண்ணைக் கொட்டிக்கொண்டு படுக்கையில் கிடக்கக் கிடக்க, படுக்கையும் இருளும் தலையணையும் ஆகிய அனைத்தும், போராட்டத்திற்கும் மனவேதனைக்கும் உரிய அடையாளங்களாக மூளையில் பதிந்துவிடுகின்றன. மணியோசை கேட்டவுடன் எச்சில் ஊறும்படி பாவ்லவின் நாய்கள் பழகியதைப் போலவே, படுத்தவுடன் விழித்துக்கொள்ளும்படி அவரும் பழகிவிடுகிறார்.

சாய்வு நாற்காலியில் வந்த உறக்கம் படுக்கையில் வராத காரணம் இதுதான். நாற்காலியில் அவர் உறங்க முயலவில்லை. பத்திரிகை படிக்கவே முயன்றார். நாற்காலி அவருக்கு எந்தத் தோல்வியையும் நினைவூட்டுவதில்லை. இத்தகையவர்களிற் சிலர், வீட்டைவிட்டு ஆராய்ச்சிசாலையின் புதிய கட்டிலில், தலையெல்லாம் கம்பிகள் ஒட்டிய நிலையில், தம் வீட்டில் உறங்குவதைவிட நன்றாக உறங்குவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். நலமுள்ளவர்களோ புதிய இடத்தில் முதலிரவு உறக்கம் கெடுவர். பழகிய இடத்தில்தான் குற்றம் குடிகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ!

சிகிச்சையைச் சொல்லுமுன், அதனால் தீராதவற்றை விலக்கிவிட வேண்டும். பெரிதாகக் குறட்டை விடுகிறவர், திடீரென்று சத்தமும் மூச்சும் நின்று, பத்து விநாடியோ அதற்கு மேலோ கழித்துத் திணறி மூச்சிழுப்பதைப் பக்கத்தில் படுத்தவர் கண்டால், அது உறக்க மூச்சுத்தடை என்னும் நோயாகும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசவழி அடைபட, பிராணவாயு குறைய, மூளை விழித்து வழியைத் திறக்கிறது; இவ்வாறு ஒரு மணிக்கு முப்பது முறைக்கு மேலும் நிகழ்கிறவர்கள் உண்டு. காலையில் எதுவும் நினைவிராது. பகலெல்லாம் உறக்கம் தள்ளும். இரத்த அழுத்தம் ஏறும். வண்டி ஓட்டும்போது கண் அயரும். சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல், மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் செலுத்தித் தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடிக்கும் கருவியால் ஐந்து நோயாளிகள் நிம்மதியாக உறங்கியதை வெளியிட்டார்; இன்றுவரை அதுவே தலைசிறந்த சிகிச்சையாக இருக்கிறது. இந்நோயாளிக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது பெருந்தீங்காக முடியலாம். மாலையானதும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்று, அசைத்தாலன்றிப் பொறுக்க முடியாத உளைச்சல் எழுமாயின், அது 1945இல் ஸ்வீடன் மருத்துவர் எக்பம் விரிவாக வர்ணித்த ஓயாக்கால் நோய். இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணமாதலால், நம் நாட்டுப் பெண்களும் கர்ப்பிணிகளும் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். முதியவர்கள் எட்டு மணிக்கே சோர்ந்து மூன்று மணிக்கு விழிப்பதும், வாலிபர்கள் ஒரு மணிவரை விழித்திருந்து காலையில் எழ மாட்டாமல் தவிப்பதும் பெரும்பாலும் கடிகாரம் முன்பின்னாக நகர்ந்ததன் விளைவேயன்றி நித்திரையின்மை அல்ல.

எஞ்சியவர்களுக்கு உரிய சிகிச்சை, கேட்டவுடன் கொடுமையாகத் தோன்றும்: உறக்கம் வராதவன் படுக்கையில் குறைந்த நேரமே இருக்கவேண்டும். ரிச்சர்ட் பூட்ஸின் என்னும் அமெரிக்க உளநூலார் 1972இல் இதற்கு அடிகோலினார். கண் சொருகினாலன்றிப் படுக்காதே, படுக்கையில் படிக்காதே, உண்ணாதே, கவலைப்படாதே, படுத்துச் சற்று நேரத்தில் உறக்கம் வரவில்லையானால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடு, மறுபடி கண் சொருகும்போது திரும்பி வா, எத்தனை முறையானாலும் இப்படியே செய், எவ்வளவு குறைவாக உறங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திரு, பகலில் படுக்காதே. படுக்கைக்கும் விழிப்புக்கும் ஏற்பட்ட பழைய உறவை அறுத்து, படுக்கைக்கும் உறக்கத்துக்கும் புதிய உறவு ஏற்படுத்துவதே இதன் நோக்கம். ஸ்பீல்மன் 1987இல் இதனோடு கணக்கையும் சேர்த்தார்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரை எண்ணிக்கொள்வோம். கணவருடைய நோயின்போது கெட்ட உறக்கம், அவர் தேறி ஓராண்டாகியும் திரும்பவில்லை. ஒருவாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், காலைதோறும், படுத்த நேரம், கண்ணயர்ந்த நேரம், இடையில் விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றைத் தோராயமாகக் குறித்து வருகிறார். கூட்டிப் பார்த்தால், ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் ஒன்பது மணி நேரத்தில், உறங்குவது ஐந்தரை மணி. உறக்க வீதம் அறுபத்தொரு சதவீதம். மருத்துவர் அவருக்கு ஐந்தரை மணியே படுக்கை நேரமாக வகுத்து, எழுவது காலை ஐந்தரை, படுப்பது இரவு பன்னிரண்டு என்று விதிக்கிறார். பத்திலிருந்து பன்னிரண்டுவரை விழித்திருப்பதே இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி. கூடத்தில் மங்கிய விளக்கொளியில் துவைத்த துணிகளை மடித்து வைக்கலாம், பூத் தொடுக்கலாம், அவசரமில்லாத கடிதம் எழுதலாம், நாற்காலியில் சாயலாகாது. படுக்கையறைக் கடிகாரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும். முதல் இரண்டு வாரம் பகலில் சோர்வு மிகும். அந்தச் சோர்வுதான் மருந்து, ஏனெனில் சிதறிக் கிடந்த பசியெல்லாம் ஒன்றாகத் திரண்டு பன்னிரண்டு மணிக்குக் காத்திருக்கிறது. படுத்தவுடன் உறங்கி இடைவிடாமல் ஐந்து மணிநேரம் உறங்கலானபின், உறக்க வீதம் எண்பத்தைந்து தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும் வாரத்தில், கால்மணி நேரம் கூட்டித் தருகிறார்கள். அடுத்த வாரமும் அப்படியே. ஸ்பீல்மன் இம்முறையைச் சோதித்தபோது எடுத்துக்கொண்ட 35 பேரும், சராசரியாகப் பதினைந்து ஆண்டு நித்திரையின்மையால் வருந்தியவர்கள். எட்டு வாரச் சிகிச்சையின் முடிவில் அவர்கள் விரைவில் கண்ணயர்வதும், இடைவிழிப்புக் குறைவதும் தெரிந்தன.

படுக்கை நேரத்தை ஐந்து மணிக்குக் கீழே குறைப்பது தகாது. காக்காய்வலிப்பு உள்ளவர்களுக்கும், உள்ளம் மாறி மாறி உச்சத்திலும் தாழ்விலும் செல்லும் மனநோய் உள்ளவர்களுக்கும் உறக்கக் குறைவே நோயைத் தூண்டிவிடும். பஸ், லாரி ஓட்டுவோரும், இயந்திரத்தில் நிற்போரும் முதல் வாரங்களில் ஆபத்துக்கு ஆளாகலாம். ஆதலின் மருத்துவரை உசாவியே தொடங்கவேண்டும். வீட்டில் உள்ள பெரியவர் உறங்கவில்லை என்றால், சீக்கிரம் படுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சும்மாவாவது கிடங்கள் என்று நாம் அன்போடு சொல்லிவரும் யோசனை, அவருடைய நோயை வளர்க்கும் யோசனை என்பதை உணர்ந்து, அதனை நாம் உடனே கைவிடவேண்டும். இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் மிகையாகாது.

மாத்திரைகளின் கதை தனியே விரிவது. 1903இல் எமில் ஃபிஷரும் யோசெப் ஃபான் மேரிங்கும் அறிமுகப்படுத்திய வெரோனாலும், அதன் இனமான மருந்துகளும், உறங்கவைக்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையே சிறிய இடைவெளியே உடையவை. 1960இல் கடைக்கு வந்த குளோர்டயாசிபாக்ஸைடும் அதன் உறவினவும் அந்த அபாயத்தைக் குறைத்தன. ஆனால் நாளடைவில் பலன் குன்றி, விட்டால் முன்னிலும் மோசமாகும்படி உடலைப் பழக்கிவிடுவதும், முதியவர்களை இரவில் தடுமாறி விழச் செய்வதும் அவற்றின் குறைகள். 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரெக்ஸின் என்னும் விழிப்பூட்டும் இரசாயனத்தைத் தடுக்கும் புதிய வகை 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1958இல் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்த மெலடோனினோ, இரவாயிற்று என்று உடலுக்கு அறிவிக்கும் செய்தியேயன்றி மயக்கமருந்து அன்று. கடிகாரம் பிசகியவர்களுக்கு அது பயன்படும், நீடித்த நித்திரையின்மைக்குப் பெரிதும் உதவாது. துக்க வீட்டில் சில இரவு மாத்திரை உதவுவதை நான் மறுக்கவில்லை. ஆயினும், அமெரிக்க மருத்துவர் கழகம் 2016இல், நீடித்த நித்திரையின்மை கொண்ட பெரியவர்கள் அனைவர்க்கும் முதற் சிகிச்சையாக, மேலே சொன்ன விதிகளும் உறக்கத்தைப் பற்றிய தவறான அச்சங்களைத் திருத்தும் உரையாடலும் சேர்ந்த உளநடத்தைச் சிகிச்சையையே பரிந்துரைத்திருக்கிறது. நெடுநாள் மாத்திரை உண்டவர் தாமே ஓர் இரவில் திடீரென நிறுத்தலாகாது; வலிப்புக்கூட வரக்கூடுமாதலால், மருத்துவர் மேற்பார்வையில் பல வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

குணமானவர்க்கும் வாழ்க்கையில் மறுபடி துக்கமும் கவலையும் வந்தே தீரும். அவற்றோடு உறக்கக் கேடும் சில நாள் வரலாம். அப்போது அவர் செய்ய வேண்டியது, முன்னேரத்தில் படுத்து ஈடுசெய்ய முயலாமல், அந்த நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்து ஒருவாரம் குறித்து, படுக்கும் நேரத்தை அரைமணியோ ஒருமணியோ தள்ளிவைத்து, எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் காத்துக்கொள்வதே.